திருச்சியில் ஒரே ஒரு நாள்: மலைக்கோட்டைப் பகுதியை நடந்தே பார்க்க முடியுமா?

வேறு வேலையாகத் திருச்சி வருகிறீர்கள், ஒரு நாள் முழுசாகக் கையில் இருக்கிறது, ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் ஏற்கெனவே பார்த்தாயிற்று, கார் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம், பழைய ஊரை நடந்தே பார்க்க ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். மொத்த நடை ஏழெட்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காந்தி மார்க்கெட் வரை, நாங்கள் ‘டவுன்’ என்று சொல்லும் பகுதியில் பெரும்பங்கு ஒரு காலத்தில் கோட்டைக்குள் இருந்த ஊர். ஏறக்குறைய ஒரு மைல் நீளம், அரை மைல் அகலம். சுற்றி இரட்டை மதில், அதற்கு வெளியே அகழி, உள்ளே இந்த மலை. நாயக்கர்கள் கட்டிய கோட்டை அது. 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, சாலை போட்டுவிட்டார்கள். கடைப் பலகைகளில் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று பார்ப்பீர்கள். மேற்கு மதிலும் கிழக்கு மதிலும் போன கோடுகள்தான் அவை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் நாள் முழுக்க எங்கே நின்றாலும், கோட்டைக்கு உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று உங்களுக்கே தெரியும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் மலையேறி உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. 1750-களில் தென்னிந்தியாவை ஆளப்போவது யார் என்ற சண்டை இந்த மலையைச் சுற்றித்தான் நடந்தது. அதற்கு ஆயிரத்து நூறு வருடம் முன்பே ஒரு பல்லவ அரசன் காவிரியைப் பார்ப்பதற்காகவே இங்கே ஒரு கோயில் குடைந்து, அப்படித்தான் குடைந்தேன் என்று கல்லில் எழுதியும் வைத்திருக்கிறான். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் போகிறார்கள். நின்று பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

சரி, முதலில் கிழமை. வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, மதியத் தொழுகை நேரத்தில் தர்காவிலும் கூட்டம் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் என்.எஸ்.பி. ரோட்டில் கால் வைக்க முடியாது, அப்போதும் வேண்டாம். மற்றபடி எந்த நாளும் சரிதான். காவிரியில் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நல்ல காலம். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள், அதற்குச் சில நாள் கழித்து இங்கே தண்ணீர் வந்து சேரும். மார்ச் முதல் மே வரை பெரும்பாலும் மணல்தான்.

சென்னையிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்தால் விடியற்காலையில் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். அங்கிருந்து 1-ஆம் நம்பர் டவுன் பஸ் சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகிறது. வெளியூர் பஸ்ஸில் வந்தால் இப்போது பஞ்சப்பூர் முனையத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்தும் சத்திரத்துக்கு டவுன் பஸ் உண்டு. எப்படி வந்தாலும் காலை ஆறு, ஆறரைக்குச் சத்திரத்தில் இருங்கள். இந்த நேரத்தை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மலையில் செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் உச்சிக்குப் போகும் திறந்த பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். கீழே இருக்கும் தாயுமானவர் சன்னதியையும் உச்சிவேளையில் நடை சாத்தி, மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

சத்திரத்திலிருந்து தெற்கே நடந்து தெப்பக்குளத்தைத் தாண்டி, என்.எஸ்.பி. ரோட்டில் மலைவாசல் வளைவுக்கு வாருங்கள். குளத்தை இப்போது பார்க்க வேண்டாம், சாயங்காலம் திரும்பி வருவோம். இந்த நேரத்தில் கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும், தரைக்கடைக்காரர்களும் வந்திருக்க மாட்டார்கள். சாலையின் உண்மையான அகலம் தெரிவது இந்த ஒரு வேளையில்தான். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர். அங்கிருந்து படி ஏறத் தொடங்கினால் உச்சி வரை 400-க்கு மேல் படிகள், பாறையின் உயரம் 83 மீட்டர். பாதிக்கு மேல் பாறைக்குள் குடைந்த, மேலே கூரை போட்ட படிக்கட்டு. அதனால் பயந்த அளவுக்குக் கஷ்டம் இருக்காது.

நடுவழியில் தாயுமானவர் கோயில். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். துணைக்கு வர வேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். சிவனே அம்மா உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து சேர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இன்றும் சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டு வாழைத்தார் சாத்துகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள், கொடிமரம் சுவாமிக்குப் பின்பக்கம் இருக்கும். சாரமா முனிவருக்காகச் சுவாமி உறையூர்ப் பக்கமாக, மேற்கு நோக்கித் திரும்பிவிட்டார் என்பது தலபுராணம். உறையூர் முற்காலச் சோழர்களின் தலைநகர். மேலே போனால் மேற்கே வீடுகளின் கூரைகளாகத் தெரியும்.

கோயிலைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் இடது பக்கம் பாருங்கள். மேல் குடைவரை அங்கேதான் இருக்கிறது. லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர், முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது. தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. பூட்டியிருந்தால் அங்கே இருக்கும் காவலரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் வெறும் கருவறை. எதிர்ச் சுவர் முழுக்க கங்காதரர். கங்கையைச் சடையில் ஏந்தி நிற்கும் சிவன், கீழே அவர் காலைத் தாங்கும் பூதகணம், சுற்றிலும் வணங்கும் உருவங்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களெல்லாம் இதற்குப் பிறகுதான் வந்தன. கல்லில் இவ்வளவு பெரிய சிற்பத் தொகுதி தமிழ்நாட்டில் அதுவரை இல்லை என்றே சொல்லலாம். அந்தச் சடையில் விரித்த விரல்களையும், முகத்தின் அமைதியையும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

சிற்பத்தின் இரு பக்கத் தூண்களிலும் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதப் பாடல்கள். படிக்க முடியாவிட்டாலும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொண்டு போனால் அந்த இடமே வேறாகிவிடும். ஒரு பாடலில் சிவன் அரசனிடம் கேட்கிறார், தரையில் ஒரு கோயிலில் நின்றுகொண்டு நான் எப்படிச் சோழர்களின் வளத்தையும் காவிரியையும் பார்ப்பது என்று. அதனால் அரசன் இந்த மலைமேல் அவருக்கு இடம் அமைத்துக் கொடுத்தானாம். இன்னொன்று இதைவிட அழகு. சிவன் நதிகள் மேல் பிரியம் கொண்டவர், கங்கையை ஏற்கெனவே தலையில் வைத்திருப்பவர். கண்ணுக்கு இனிய இந்தக் காவிரியைப் பார்த்தால் இவள் மேலும் ஆசைப்பட்டுவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாள், ‘இந்த நதி பல்லவனின் காதலி’ என்று சொல்லிச் சொல்லி. அதாவது அடுத்தவருடையவள், நீங்கள் பார்க்காதீர்கள் என்று. மகேந்திரன் வேறு சமயத்திலிருந்து சைவத்துக்கு வந்ததைக் குறிப்பதாக ஆய்வாளர்கள் சொல்லும் வரியும் இதே தூண்களில்தான் இருக்கிறது. சோழநாட்டு நதிக்கு ஒரு பல்லவன் உரிமை கொண்டாடுகிறான் என்ற அரசியலும் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்தப் பார்வதியின் கவலைதான் முதலில் நினைவுக்கு வரும்.

இதை மனதில் போட்டுக்கொண்டு உச்சிக்குப் போங்கள். விபீஷணன் கையிலிருந்து ரங்கநாதரை வாங்கிக் காவிரிக்கரையில் வைத்துவிட்டு, துரத்தி வந்தவனுக்குத் தப்பி ஓடி வந்து உட்கார்ந்த பிள்ளையார் என்பது இங்கே கதை. கும்பிட்டுவிட்டு வடக்கே திரும்பினால் காவிரி, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம் தீவு, தென்னைகளுக்கு மேலே 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம், அதற்கும் வடக்கே கொள்ளிடம். மேற்கே முக்கொம்பில் பிரிகிற ஆறு இந்தத் தீவின் இரு பக்கமும் ஓடுவது ஒரே பார்வையில் தெரியும். சிவன் கேட்ட காட்சி இதுதான்.

தெற்கையும் விட்டுவிடாதீர்கள். தென்கிழக்கே பொன்மலை என்ற சிறிய பாறை தெரியும், இன்று ரயில்வே பணிமனையால் பெயர் பெற்றது. 1753-இல் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் அங்கே மோதின. சுருக்கமாகச் சொன்னால், ஆற்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டியிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் ஆதரவோடு சந்தா சாகிப், ஆங்கிலேயர் ஆதரவோடு முகமது அலி. 1751-இல் முகமது அலி இந்தக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார், சந்தா சாகிப் வெளியே முற்றுகை போட்டார். அந்த முற்றுகையின் பிடியைத் தளர்த்தத்தான் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் போனது. பள்ளிப் புத்தகத்தில் ஆற்காடு மட்டும் பெரிதாக வரும், அதற்குக் காரணமாக இருந்த ஊர் இது. 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் சரணடைந்தது. தஞ்சாவூர்த் தளபதியிடம் அடைக்கலம் கேட்டுப் போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. உச்சியில் ஒரு சுற்று வந்தால் இந்தப் போரின் களம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

எட்டு, எட்டரைக்குக் கீழே இறங்கிக் காலை டிபன். மலைவாசலைச் சுற்றியும் சத்திரத்தைச் சுற்றியும் சைவ ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. சாப்பிட்ட பிறகு, தெம்பு இருந்தால், ஆண்டார் வீதிப் பக்கம் கேட்டுக்கொண்டு போய்க் கீழ்க் குடைவரையையும் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது என்று கருதப்படுவது. இரு முனைகளில் சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிர் கருவறைகள், பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரம்மா, சூரியன், துர்க்கை என வரிசையாக. வீடுகளுக்கு நடுவே ஒளிந்து கிடப்பதால் யாரும் போவதில்லை. கூட்டமே இல்லாமல் நின்று பார்க்கலாம்.

அடுத்து பெரிய கடை வீதி. மலையடியிலிருந்து தெற்கே காந்தி மார்க்கெட் வரை போகும் இந்தத் தெரு பழைய கோட்டைக்குள் ஊரின் முதுகெலும்பு மாதிரி. அவசரப்படாமல், பக்கத்துச் சந்துகளிலும் நுழைந்து நுழைந்து நடக்க வேண்டிய இடம். ஜாபர்ஷா தெருவில் நகை வேலை, சவுராஷ்டிரா தெரு, குஜிலித் தெரு, அல்லிமால் தெரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. தெலுங்கு பேசியவர்கள், சவுராஷ்டிரர், உருது பேசியவர்கள், மார்வாரிகள் எனக் கோட்டையை யார் யார் ஆண்டார்களோ, யார் யாருக்கு இங்கே வியாபாரம் இருந்ததோ, அவர்களெல்லாம் தெருவில் தங்கிவிட்டார்கள். பாத்திரக் கடைகளும் மளிகை மொத்தக் கடைகளும் நகைக் கடைகளும் மாறி மாறி வரும். நடுவில் பூலோகநாதர் கோயில் இருக்கிறது, வெயிலுக்கு ஒதுங்கி உட்கார நல்ல இடம். மேலே அண்ணாந்து பார்த்தபடியும் நடங்கள். கீழே கடை எவ்வளவு புதுசாக இருந்தாலும், மாடியில் சில வீடுகளில் மரத்தூணும் ஓட்டுச் சாய்ப்பும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் குறைகின்றன என்பதுதான் வேதனை.

காந்தி மார்க்கெட் 1868-இல் தொடங்கியது. மொத்த வியாபாரம் இரவிலும் விடியற்காலையிலும் நடப்பதால் நீங்கள் போகும்போது வேகம் கொஞ்சம் தணிந்திருக்கும். இருந்தாலும் வாழைக்காய் மண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில் இருப்பது சும்மா இல்லை, காவிரிப் பாசனத்தில் வாழை இங்கே அப்படி விளைகிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன் எல்லாம் தாராகக் குவிந்திருக்கும். நாலு பூவன் பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மார்க்கெட் வாசலில் இருக்கும் நினைவுச் சின்னம் முதல் உலகப் போருக்குப் போன இந்த ஊர்க்காரர்களுக்காக எழுப்பப்பட்டது. லாரிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் நிற்கிறது.

மார்க்கெட்டிலிருந்து மேலப்புலிவார்டு ரோட்டில் வடக்கே திரும்பினால், இப்போது நீங்கள் மேற்கு மதிலின் மேல் நடக்கிறீர்கள். மரக்கடையைத் தாண்டி சிங்காரத்தோப்பு, சூப்பர் பஜார். அதையொட்டி உள்ளே ராணி மங்கம்மாள் மகால், இன்று அரசு அருங்காட்சியகம். பெயர் மங்கம்மாளுடையது, கட்டியவர் சொக்கநாத நாயக்கர் என்று சொல்வார்கள். அவர் மதுரையிலிருந்து தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது எழுந்த அரண்மனையில் தர்பார் மண்டபம் மட்டும்தான் இது. உள்ளே சிலைகள், நாணயங்கள், ஓவியங்கள், கடல் உயிர்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. வெளியே திறந்தவெளியில் நிற்கும் கற்சிலைகள் எனக்கு அவற்றைவிடப் பிடிக்கும். ஆனால் முக்கியமாகப் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கும் கூரையையும் வளைவுகளையும்தான்.

அந்த மண்டபத்தில் நிற்கும்போது இரண்டு விஷயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரை நாயக்கர் வம்சம் இந்த அரண்மனையில்தான் முடிந்தது. கடைசி ராணி மீனாட்சி 1730-களில் இங்கிருந்து ஆண்டார். உதவுகிறேன் என்று வந்த சந்தா சாகிப்தான் அவரை ஏமாற்றிக் கோட்டையை எடுத்துக்கொண்டார். குர்ஆன் மேல் சத்தியம் என்று சொல்லித் துணியில் சுற்றிய செங்கல்லின் மேல் கை வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மீனாட்சி விஷம் அருந்தி இறந்தார். இரண்டாவது, 1801 ஜூன் 16. சின்ன மருது வெளியிட்ட அறிக்கையின் ஒரு பிரதி திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாசலில் ஒட்டப்பட்டது, இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயில் மதிலில். சாதி, மதம், பதவி பாராமல் எல்லோரும் ஐரோப்பியரை எதிர்த்துச் சேருங்கள் என்று அழைத்த அறிக்கை அது. கிழித்து எறிகிறவனுக்குச் சாபமும் அதிலேயே இருந்தது. நாலு மாதம் கழித்து அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆங்கிலேயர் கையில் இருந்த கோட்டைக்குள்ளேயே வந்து ஒட்டிவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டரை ஆகியிருக்கும். சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிரியாணி வேண்டுமென்றால் மரக்கடை, பாலக்கரைப் பக்கம் நிறைய உண்டு.

சாப்பிட்டபின் மதுரை ரோட்டில் நத்தர்ஷா பள்ளிவாசல் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நத்தர் வலி என்ற சூஃபி ஞானியின் தர்கா. தமிழ்நாட்டின் மிகப் பழைய சூஃபி தர்காக்களில் ஒன்று, ஆயிரம் வருடப் பழமை சொல்லப்படுகிறது. பெரிய குவிமாடத்துக்குக் கீழே, மதிய வெயிலில் இதைவிடக் குளிர்ச்சியான இடம் டவுனில் கிடையாது. தலையில் கைக்குட்டையோ முந்தானையோ போட்டுக்கொண்டு, அடக்கமாகப் போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எல்லா மதத்துக்காரர்களும் வருகிற இடம்தான். இந்த வளாகத்தில்தான் சந்தா சாகிப் அடக்கம் செய்யப்பட்டார். 1795-இல் சென்னையில் இறந்த முகமது அலி வாலாஜாவின் உடலையும் இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். காலையில் மலையுச்சியிலிருந்து பார்த்த போரின் இரு தரப்புத் தலைவர்களும் ஒரே ஞானியின் நிழலில் கிடக்கிறார்கள். வாலாஜாவுக்கு இந்த ஞானி மேல் இருந்த பக்தியில் ஊருக்கே நத்தர் நகர் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை, தர்கா நிலைத்துவிட்டது. மூன்றரை மணி வரை இங்கே உட்கார்ந்து இளைப்பாறுங்கள்.

பிறகு வடக்கே மெயின்கார்டுகேட். கோட்டை வாசல்களில் இன்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அதன் வழியாக ஆட்டோவும் பைக்கும் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருப்பதால் பலருக்கு இது ஒரு கோட்டை வாசல் என்றே தோன்றுவதில்லை. ஓரமாக நின்று சுவரின் கனத்தைப் பாருங்கள். பக்கத்தில் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை, திருச்சியில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்கள். ஒன்று சாப்பிட்டுவிட்டு எதிரே லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகலாம். 1890-களில் இயேசு சபையார் எழுப்பிய கோதிக் பாணி ஆலயம், கூர்கோபுரம் வெகுதூரத்துக்குத் தெரியும். மாலை வெயில் வண்ணக் கண்ணாடிகளில் விழும் நேரம் என்பதால்தான் இதை இவ்வளவு தள்ளி வைத்தேன். பக்கத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கே வந்தது. அப்துல் கலாம் இயற்பியல் படித்தது இங்கேதான்.

இப்போது தெப்பக்குளம். நடுவில் நீராழி மண்டபம், பின்னால் மலை. குளத்தை விசுவநாத நாயக்கர் வெட்டியதாகச் சொல்வார்கள். பங்குனியில் தெப்பம் நடக்கும்போது பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் சுற்றிலும் கடைகள் அடைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்கவே இடைவெளி தேட வேண்டியிருக்கிறது. குளத்தையொட்டி கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு கல்லூரியின் வசம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் போதும். வடக்கே நந்திகோயில் தெருவில் நாகநாதர் கோயில், பெரிய நந்தி. அதே பக்கம் இருக்கும் கிறிஸ்து ஆலயத்தைத் தவறவிடாதீர்கள். 1766-இல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் கட்டியது. லூர்து ஆலயத்தின் உயரமோ அலங்காரமோ எதுவும் இருக்காது, எளிமையான வெள்ளைக் கட்டடம். தமிழில் சரளமாகப் பேசிய சுவார்ட்ஸ் பிறகு தஞ்சாவூருக்குப் போய், சரபோஜிக்குப் பாதுகாவலராகவும் ஆசானாகவும் இருந்தார். ஹைதர் அலியிடம் தூது போக ஆங்கிலேயர் நம்பி அனுப்பியதும் அவரைத்தான்.

ஐந்து மணிக்கு அங்கிருந்து கிளம்பிச் சத்திரம், அண்ணா சிலை வழியாகக் காவிரிப் பாலத்துக்கு நடந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர்போல ஆகும். 1976-இல் திறந்த பாலம், நீளம் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாயங்காலம் குடும்பத்தோடு வந்து நடைபாதையில் நின்று காற்று வாங்குவது திருச்சிக்காரர்களின் பழக்கம். சுண்டலும் வேர்க்கடலையும் கிடைக்கும். சில இடங்களில் நெரிசலாக இருக்கும், ஓரத்தை விட்டு இறங்காமல் நடங்கள். பாதிப் பாலத்தில் நின்று தெற்கே திரும்பினால் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும். காலையில் சிவனுக்குக் கிடைத்த காட்சியைப் பார்த்தீர்கள், இது காவிரி பார்க்கும் காட்சி. இருட்டும்வரை இருந்தால் மலையில் விளக்குப் போடுவதையும் பார்க்கலாம். அக்கரையில் கொஞ்ச தூரத்தில் அம்மா மண்டபம் படித்துறை. தண்ணீர் ஓடும் காலமாக இருந்தால் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க நடந்த காலுக்கு அது தேவைப்படும். ஆடி பதினெட்டில் மட்டும் இந்தப் பக்கம் நடைப்பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம், அன்று ஊரே ஆற்றங்கரையில் இருக்கும். திரும்ப அதே 1-ஆம் நம்பர் பஸ் ஜங்ஷன் வரை கொண்டுபோய் விடும்.

உங்களோடு வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் மலையேற்றத்தைத் தாயுமானவர் சன்னதியோடு நிறுத்திவிடலாம், ஆனால் முடிந்தால் குடைவரை வரை எப்படியாவது கூட்டிப் போங்கள், அதற்கு மேலே இன்னும் சில படிகள்தான். முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஆண்டார் வீதிக் கீழ்க் குடைவரையைப் பார்க்கலாம். பெரிய கடை வீதியில் வெயில் ஏறிவிட்டால் மார்க்கெட்டை விட்டுவிட்டு நேராக மங்கம்மாள் மகாலுக்கு ஆட்டோ பிடியுங்கள். எதை விட்டாலும் மேல் குடைவரையையும் மாலை நேரப் பாலத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.